“கையில் ஒரு துண்டுக் கடிதமும் இல்லை, எங்களுக்கு என்ன உரிமை?” தோட்டக் கூலிப் பெண்ணின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். கணவர் விழுந்து முதுகு அடிபட்டு வீட்டில் இருக்கிறார். ஊரில் 14 பெண்கள் விடிய ஆறேகாலுக்குச் சந்தியில் கூடுவார்கள். தோட்டக்காரர் ஒருவரின் லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) வந்து ஏற்றிக்கொண்டு போகும். வெங்காயம் நடுவது, புல்லுப் பிடுங்குவது, கிண்டுவது (வெங்காயத்தைத் தோண்டி எடுக்கும் அறுவடை, ‘கிண்டல்’ என்பதும் அதுதான்), கட்டுவது என்று காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் நாலரை வரை வேலை. பெண்ணுக்கு நாளுக்கு 1600 ரூபாய், ஆணுக்கு 2800. மழை வந்து பதினொரு மணிக்கு வேலை நின்றால் காசு இல்லை. மலசலகூடம் இல்லை என்பதால் காலையில் தண்ணீர் குடிக்காமலே போகிறார்கள். ஒருநாள் பக்கத்து வரம்பில் மருந்தடிக்கும்போது இவருடைய மச்சாள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்திருக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அன்றைய கூலியிலும் பாதியை வெட்டியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட குடியிருப்பிலிருந்து வரும் பெண்களுக்கு மட்டும் தேத்தண்ணீர் வேறு கப்பில்.

போன மாசி மாதம் கிண்டல் தொடங்கும்போது இவர் முன்னுக்கு நின்று “2000 ஆக்கித் தாங்கோ” என்று கேட்டார். “விருப்பமில்லாட்டி நில்லுங்கோ, வன்னியிலயிருந்து ஆக்களை இறக்குவன்” என்பது பதில். அடுத்த நாள் இவரையும் இன்னும் இரண்டு பேரையும் லேண்ட்மாஸ்டரில் ஏற்றவில்லை. இவர் அந்தத் தோட்டக்காரரிடம் 45,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருக்கிறார். அதைக் கொடுத்து முடிக்கும்வரை வேறு தோட்டத்துக்குப் போனால் பொலிஸில் சொல்வதாக மிரட்டல்.

அவர் கேட்பவை: நியமனக் கடிதம் இல்லாத எங்களுக்குத் தொழில் சட்டம் பொருந்துமா? மலையகத்துக்கு அறிவித்த சம்பளம் எங்களுக்கும் உண்டுதானே? 14 பேர் சங்கம் வைக்க முடியுமா? அடுத்த கிண்டலில் எல்லோருமாக வேலையை நிறுத்தினால் என்ன நடக்கும்?

அன்புள்ள சகோதரி,

முதலில் கடன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் ஆகப் பயம் தெரிந்த இடம் அதுதான்.

வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் கொடுக்க முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விவகாரம். பொலிஸ் அதை வசூலித்துக் கொடுக்க முடியாது. இந்த அளவு தொகைக்கான பிணக்கு நீதிமன்றத்துக்குப் போகமுன் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். அங்கே நீங்களே போய்க் கதைக்கலாம், மாதம் இவ்வளவு என்று தவணை கேட்கலாம். மற்றது, “கடன் முடியும்வரை எனக்குத்தான் வேலை செய்யவேண்டும்” என்று ஒருவரைக் கட்டிவைப்பதைத்தான் சட்டம் குற்றமாகப் பார்க்கிறது. 2006ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையில் சேர்த்த 358அ பிரிவு, கடனுக்காக உழைப்பைப் பிணை வைப்பதையும் கட்டாய வேலையையும் தண்டனைக்குரியதாக்கியது. ஆகவே நாளைக்கே வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போங்கள். கடனில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர் தராவிட்டால் நீங்களே எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் இல்லாவிட்டாலும் நீங்கள் தொழிலாளிதான்

“எங்களிட்ட ஒரு துண்டுக் கடிதமும் இல்லை” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் தொழிலாளி என்று யாரைச் சொல்கிறது தெரியுமா? வேலைகொள்வோர் ஒருவரோடு எழுத்திலோ வாய்ப்பேச்சிலோ, வெளிப்படையாகவோ உள்ளுறையாகவோ ஒப்பந்தம் செய்து வேலை செய்கிறவரை. சந்தியில் நின்று “நாளைக்கு ஏழு மணிக்கு வாங்கோ” என்று அவர் சொன்னதும் நீங்கள் தலையாட்டியதும் ஒப்பந்தம்தான்.

சிக்கல் அதை நிரூபிப்பதில் இருக்கிறது. கிழமையில் நான்கு நாள் ஒருவரிடமும் மற்ற நாட்களில் வேறு இருவரிடமும் வேலை செய்கிறவருக்கு, “இவர் என் ஆள் இல்லை” என்று மூன்று பேரும் கைவிரிக்கலாம். அதனால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, யாருடைய தோட்டம், என்ன வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், தந்த காசு, கூட நின்றவர்களின் பெயர் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதுங்கள். ஒரே நாளில் இருந்து ஒரு வருடத்தையும் எழுதினால் அது தெரிந்துவிடும். “நாளைக்கு 7 பேர் வேணும்” என்று தோட்டக்காரர் அனுப்பிய வைபர் செய்தி உங்கள் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். வேறு ஆவணம் இல்லாத உங்களுக்கு அதுவே பெரிய சாட்சி.

மலையகச் சம்பளமும் உங்கள் சம்பளமும்

இந்த இடத்தில் உங்களை ஏமாற்றமடைய வைக்கப்போகிறேன். மலையகத்தில் 1000 ரூபாய் என்றும் பிறகு 1350 என்றும் நீங்கள் செய்தியில் கேட்டவை தேயிலை, இறப்பர் தொழில்களுக்கான சம்பளச் சபைகளின் தீர்மானங்கள். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிச் சபை. ஒன்றின் தீர்மானம் மற்றதைக் கட்டுப்படுத்தாது. தேயிலைச் சபை போட்ட தொகையைக் காட்டி வெங்காயத் தோட்டத்தில் கேட்க முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது 2016ஆம் ஆண்டின் தேசிய ஆகக்குறைந்த சம்பளச் சட்டம். அது தொடங்கும்போது நாளுக்கு 400 ரூபாயாக இருந்தது. 2024இல் 700, 2025இல் 1080, 2026 ஜனவரியிலிருந்து 1200. நீங்கள் வாங்குவது 1600. அதாவது தொகையை மட்டும் பார்த்தால் தோட்டக்காரர் அந்தச் சட்டத்தை மீறவில்லை. முழுநாள் வேலை வாங்கிவிட்டு அதற்குக் கீழே வெட்டினால்தான் மீறல்.

ஆணுக்கு 2800, பெண்ணுக்கு 1600 என்பது? சம பெறுமதியுள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனியார் வேலையில் இந்த வித்தியாசத்துக்காக நேரே வழக்குப் போடக்கூடிய தனிச் சட்டம் எங்களிடம் இல்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் பேசுகிறது, ஆனால் அது அரசின் செயலுக்கு எதிராகக் கேட்பது. ஒரு வழக்கறிஞராக இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பொய் நம்பிக்கை தந்து உங்களைத் தொழில் அலுவலகப் படியில் ஏற்றிவிட எனக்கு விருப்பமில்லை.

ஆகவே 1600ஐ 2000 ஆக்குவது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நீங்கள் 14 பேரும் சேர்ந்து பேசித்தான் அதை வாங்கவேண்டும். சட்டத்தால் முடிவது, அப்படிச் சேர்ந்து பேசுவதற்காக உங்களைத் தண்டிக்காமல் தடுப்பது. ஒழுங்குமுறையாகச் சேர்ந்திருந்தால் மட்டும்.

மாசியில் நடந்த தவறு

நீங்கள் கேட்டது தவறு இல்லை. கேட்ட ஒழுங்குதான் பிழைத்துவிட்டது. தனியாக முன்னுக்கு வந்து கேட்டீர்கள், அடுத்த நாள் நிறுத்தினார்கள். 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்த்த 32அ பிரிவு, தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ ஒருவரை நிறுத்துவதை நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று தடைசெய்கிறது. ஆனால் மாசியில் உங்களிடம் சங்கம் இருக்கவில்லை. முதலில் சங்கம், பிறகு கோரிக்கை என்று போயிருந்தால் அந்தப் பிரிவு உங்களுக்குப் பின்னால் நின்றிருக்கும்.

வேலையை விட்டு நிறுத்தியதற்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். உங்களைப் போல நாள்வேலை செய்கிறவருக்கு அந்த வழக்கு இலேசில்லை. ஆனால் அந்த ஒரே தோட்டத்தில் ஐந்து வருடமாகக் கிழமைக்கு நான்கு நாள் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் முழுக்கக் கைவிடவும் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஏழு பேர் போதும்

“14 பேர் இதுக்கெல்லாம் காணாது, கொழும்பில ஒரு கட்சி வேணும்” என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது பிழை. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் கையொப்பமிட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். யாப்பு ஒன்று வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும், சங்கம் அமைத்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். எல்லோரும் ஒரே முதலாளியிடம் வேலை செய்யவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தொழிற்சங்கம் அமைக்கவும் அதில் சேரவும் உள்ள சுதந்திரம் அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரையில் இருக்கிறது. விவசாயத் தொழிலாளருக்கும் மற்றத் தொழிலாளருக்குள்ள அதே சங்க உரிமை உண்டு என்று சொன்ன சர்வதேசச் சமவாயம் 1921ஆம் ஆண்டுக்குரியது. நூறு வருடத்துக்கு மேலாயிற்று.

சங்கம் என்றவுடன் உங்கள் ஊரில் பயப்படுவார்கள், எனக்குத் தெரியும். அப்படியானால் இன்னொரு வழியும் இருக்கிறது, அது யாழ்ப்பாணத்துக்கு நல்ல பழக்கமான வழி. சீவல் தொழிலாளரை நினைத்துப் பாருங்கள். ஆளுக்கொரு பக்கமாக மரம் ஏறி, தவறணைக்காரர் சொன்ன விலைக்குக் கள்ளை ஊற்றிக்கொண்டிருந்தவர்கள். 1970களில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகுதான் விலையில் அவர்களுக்கும் ஒரு சொல் வந்தது. நீங்களும் கூட்டுறவாகச் சேர்ந்து, “இத்தனை பரப்பு வெங்காயம் கிண்டிக் கட்டித் தர இவ்வளவு” என்று மொத்தமாக வேலை எடுக்கலாம். வந்த காசை உங்களுக்குள் சமமாகப் பிரிக்கலாம். ஆண், பெண் கூலி வித்தியாசத்தை உடைக்க எனக்குத் தெரிந்த நடைமுறை வழி இது. ஏனென்றால் அங்கே விலை வேலைக்கு, ஆளுக்கு இல்லை. ஆளுக்கு மாதம் 500 ரூபாய் சேர்த்தால் வருடத்தில் 84,000. அடுத்த முறை பிள்ளைக்கு வருத்தமென்றால் தோட்டக்காரரிடம் கைமாற்றுக்குப் போகத் தேவையில்லை. என்னுடைய கணிப்பில் உங்கள் 14 பேரைக் கட்டிவைத்திருப்பதில் அந்தக் கைமாற்றுத்தான் ஆகப் பெரியது. குறைவு என்னவென்றால், கூட்டுறவுக்கு 32அ பிரிவின் பாதுகாப்பு வராது. இரண்டையும் வைத்திருக்கத் தடையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேமிப்பில் தொடங்கி, நம்பிக்கை வந்தபிறகு சங்கத்தைப் பதிவேன்.

கிண்டுகிற நாளில் நிற்பது

கிண்டும் காலத்தில் மழை பிடித்தால் வெங்காயம் அழுகும் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த நாளில் உங்கள் கை பலமானது. பதிவுசெய்த சங்கம் ஒரு தொழில் பிணக்கின்போது வேலையை நிறுத்தினால், நட்டம் கேட்டுச் சிவில் வழக்குப் போடுவதிலிருந்து சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பதியாத கூட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனாலும் முதல் வருடமே அதைச் செய்யவேண்டாம் என்றுதான் சொல்வேன். எட்டுப் பரப்புத் தோட்டக்காரர் பெரிய முதலாளி இல்லை. விதை வெங்காயம், உரம், மண்ணெண்ணெய் எல்லாம் கடனில் போட்டிருப்பார். கிண்டுகிற கிழமையில் இந்திய வெங்காயம் வந்து இறங்கினால் விலை விழுந்துவிடும். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது பட்ட அடியிலிருந்து எழும்பாத தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள். அவருடைய ஒரு பயிரை அழுகவிட்டால் அடுத்த போகத்தில் அவர் நடமாட்டார், அல்லது உண்மையாகவே வெளியிலிருந்து ஆட்களை இறக்குவார். அப்படி வருகிறவர்களும் உங்களைப் போலத்தான், அவர்களோடு சண்டை பிடித்து ஆவதொன்றுமில்லை. அவர்களையும் உங்கள் சங்கத்துக்குள் கூப்பிட்டுக் கதைக்கத்தான் வேண்டும்.

சரி, யாரோடு பேசுவது? ஒவ்வொரு தோட்டக்காரரோடும் தனித்தனியாக வேண்டாம். “நான் மட்டும் கூட்டித் தந்தால் மற்றவன் என்னைவிட மலிவாக விற்பான்” என்பார்கள், அது உண்மையும்கூட. உங்கள் பகுதியில் கமநல சேவை நிலையத்தில் பதிந்த கமக்காரர் அமைப்பு இருக்கும். எல்லாத் தோட்டக்காரரும் ஒரே கூட்டத்தில் இருக்கும் இடம் அது. காலபோக நடுகைக்கு முன், ஐப்பசிக்குள், அவர்களுக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்துக் கூட்டம் கேளுங்கள். 40 வீதத்துக்குக் குறையாத அங்கத்தவர் உள்ள சங்கத்தோடு வேலைகொள்வோர் பேச மறுக்கக்கூடாது என்றும் அதே 32அ பிரிவு சொல்கிறது. ஆனால் ஆட்கள் தினமும் மாறும் தோட்டத்தில் அந்த 40 வீதத்தைக் கணக்குக் காட்டுவது சிரமம். அதனால் சட்டத்தைத் தூக்கிக்காட்டாமல், நடுகைக்கும் கிண்டலுக்கும் ஆட்கள் நிச்சயமாக வருவார்கள் என்ற உறுதியை முன்வையுங்கள். தோட்டக்காரருக்கு வேண்டியது அதுதான்.

அங்கே கேட்கவேண்டியவை கூலித் தொகை மட்டுமில்லை:

• வேலைக்கு ஏற்ற கூலி. கொத்துவதற்கு இவ்வளவு, கிண்டுவதற்கு இவ்வளவு என்று. யார் செய்தாலும் அதே தொகை.
• வந்து இறங்கிய பிறகு மழையால் நின்றால் அரைநாள் கூலி.
• மருந்தடிக்கும் நாளில் அந்தப் பாத்தியிலும் பக்கத்திலும் யாரும் வேலை செய்வதில்லை. திரும்ப எப்போது இறங்கலாம் என்பது மருந்துப் போத்தல் லேபலில் உள்ளபடி.
• மலசலகூடம். கிணற்றடியில் மறைப்புப் போட்ட ஒரு தற்காலிகக் கூடமாவது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வயலுக்கு வராது. அதனால் இதைப் பேசித்தான் வாங்கவேண்டும், முதல் வரியில் எழுதுங்கள். பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது எந்தக் கூலிக்கும் சரிவராது.

மச்சாளின் மயக்கம்

அது வெயில் மயக்கம் என்று விட்டுவிட்டீர்கள். மருந்து தோலாலும் மூச்சாலும் உடம்புக்குள் போகும். இனி யாருக்காவது அப்படி நடந்தால் உடனே உடுப்பை மாற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்துப் போத்தலை, முடியாவிட்டால் லேபலின் படத்தையாவது, கொண்டுபோங்கள். “தோட்டத்தில் வேலை செய்யும்போது மருந்து பட்டது” என்று டொக்டரிடம் சொல்லி அட்டையில் எழுதுவியுங்கள். 1934ஆம் ஆண்டிலிருந்து வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வேலையின்போது வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்கலாம். அந்த ஒரு வரி அட்டையில் இல்லாவிட்டால் பிறகு எதையும் காட்ட முடியாது.

தேத்தண்ணீர்க் கப்

இதைக் கடிதத்தின் கடைசியில், அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நான் வளர்ந்த வீட்டில் வேலைக்கு வந்தவர்களுக்குச் சிரட்டையில்தான் தேத்தண்ணீர் ஊற்றினார்கள். பின்வளவு வேலியில் அந்தச் சிரட்டைகள் செருகியிருக்கும். வேலி என்றால் சிரட்டையும் இருக்கும் என்றுதான் சின்னப் பிள்ளையாக நான் நினைத்திருந்தேன். அது என்னவென்று விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது, அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சாதியைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்க 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. அது கடை, கோயில் போன்ற பொது இடங்களைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. ஒரு தனியார் தோட்டத்துக் கப்பை அதன்கீழ் வழக்காக்குவது கடினம். அந்தச் சட்டம் வந்தும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க்கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன ஊர்வலத்தாலும், அதைத் தொடர்ந்த வருடங்களின் போராட்டங்களாலும்தான் திறந்தன. நீங்கள் ஏறும் லேண்ட்மாஸ்டர் அதே றோட்டால்தான் போகிறது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் 14 பேரில் ஆறு பேருக்கு வேறு கப் என்றால், மற்ற எட்டுப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டு தங்கள் கப்பில் குடிக்கிறார்கள். உங்களைப் பிரிக்க நினைக்கிறவருக்கு அந்தக் கோடு ஏற்கெனவே கீறப்பட்டிருக்கிறது. ஆகவே சங்கத்தின் முதல் முடிவாக, எல்லோரும் வீட்டிலிருந்து ஆளுக்கொரு கப் கொண்டுபோங்கள், அல்லது எல்லோரும் ஒரே மாதிரிக் கப்பில் கேளுங்கள். தோட்டக்காரரிடம் ஒரு சதமும் கேட்காத கோரிக்கை இது. எட்டுப் பேர் இதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் கூலிக்காகவும் உங்களோடு கடைசிவரை நிற்கமாட்டார்கள், அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. உங்கள் மூத்த மகனுக்கு 15 வயது, கிண்டல் நேரம் அவனும் கூலிக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயதை 2021இல் 16 ஆக்கிவிட்டார்கள். தோட்டக்காரரைக் குற்றம் சொல்லப் போகும் நேரத்தில் அவர் உங்களைத் திருப்பிக் காட்டக்கூடிய இடம் அது. வீட்டு நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை, ஆனாலும் அவனைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புங்கள். மற்றது, வருடம் முழுக்க ஒரே தோட்டத்தில் நிற்பதாக நீங்கள் எழுதிய இரண்டு பெண்களும் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். நாட்கூலி என்பதால் அது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் 14 பேரும் கூடுங்கள், நிறுத்தப்பட்ட மூன்று பேரும் உட்பட. திங்கட்கிழமை சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகும்போது கொப்பி, போன், அடையாள அட்டை, மச்சாளின் ஆஸ்பத்திரி அட்டை இருந்தால் அது, இவ்வளவையும் கொண்டுபோங்கள். தனியாகப் போகவேண்டாம், மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களை நிறுத்தியது மாசி எந்தத் திகதி என்று மூன்று பேரும் ஒரே நாளைச் சொல்லவேண்டும், போகமுன் கலண்டரைப் பார்த்து அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.